படம் எடுத்த பிறகு தூக்கலாம்

மூர்த்தி அண்ணையின் குட்ஸி வண்டி இருபது வருடத்துக்கு மேலாக ஒருமுறைகூட விழவில்லை. இதைக் கேட்டாலும் சொல்லுவார், கேட்காவிட்டாலும் சொல்லுவார். முழுப்பெயர் கிருஷ்ணமூர்த்தி. வயது ஐம்பத்தெட்டு. ஜெர்மனியில், கொலோனுக்கு வெளியே ஒரு களஞ்சியத்தில் பொதி ஏற்றுகிறவர்களுக்கு மேற்பார்வையாளர். வீட்டில் மனைவி அம்பிகா அக்கா மட்டும், பிள்ளைகள் படித்து வெளியேறிவிட்டார்கள். மற்றபடி அவருடைய வாழ்க்கை என்றால் அந்த இத்தாலிய மோட்டார் சைக்கிளும், அதை வைத்து எங்களைப் பார்த்துச் சிரிப்பதும்தான்.

விழாமல் இருப்பது அவ்வளவு பெரிய சாதனையா என்று வெளியாட்கள் கேட்பார்கள். அந்தக் காலத்து இத்தாலிய வண்டிகள் பலவற்றில் ஸ்டாண்டுக்கு ஒரு குணம் உண்டு. வண்டியின் பாரம் அதன்மேல் இருக்கும்வரைதான் அது நிற்கும். பாரம் கொஞ்சம் விலகினாலும் ஸ்பிரிங் இழுத்து மேலே மடக்கிவிடும். ஆகவே இடது பாதத்தால் ஸ்டாண்டை முன்னே தள்ளி, அது நிலத்தில் ஊன்றும்வரை பாதத்தை எடுக்காமல் பிடித்துக்கொண்டு, வண்டியை மெல்லச் சாய்க்க வேண்டும். பாதத்துக்குத் தெரிய வேண்டும், கண்ணுக்கு அங்கே வேலையில்லை. இதை யாராவது ஒருதரம் சொல்லித் தந்தால் எவருக்கும் பிடிபடும். ஞாயிறுகளில் இத்தாலிய வண்டிகளோடு கூடுகிற எங்கள் கூட்டத்தில் சொல்லித் தரமாட்டோம்.

அது மூர்த்தி அண்ணை போட்ட சட்டம். புதிதாக வருகிறவன் விழ வேண்டும். விழுந்தால் படம் எடுக்குமுன் யாரும் தூக்கக்கூடாது. அந்தப் படம் எங்கள் வாட்ஸ்அப் குழுவின் முகப்பில் ஏறும். அடுத்தவர் விழும்வரை அங்கேயே இருக்கும். கொலோன், பிராங்பேர்ட், டிரெஸ்டன் என்று நாற்பது பேர் தினமும் காலையில் அதைப் பார்த்துத்தான் எழும்புவார்கள். விழுந்தவரைப் பார்த்து எவராவது "பாவம்" என்று சொல்லிவிட்டால் அன்றைக்கு எல்லோருக்கும் கேக் வாங்க வேண்டும். கூட்டத்தில் இருக்கிற ஒரே ஜெர்மன்காரர், ஓய்வு பெற்ற எமில், அவருக்குத் தெரிந்த ஒரே தமிழ்ச் சொல்லே "பாவம்" தான். சொல்லக்கூடாத சொல் என்று படித்து வைத்திருந்தார்.

என்னுடைய படம் ஒரு கோடை முழுக்க முகப்பில் இருந்தது. போதாதென்று மூர்த்தி அண்ணை அதை ஒரு தேநீர்க் கோப்பையில் அச்சடித்து, என் பிறந்தநாளன்று மாமியார் வீட்டார் எல்லோரும் கூடியிருந்த இடத்தில் கொண்டுவந்து தந்தார். கோப்பையில் நான் வண்டிக்குக் கீழே வாயைப் பிளந்துகொண்டு கிடக்கிறேன். மாமியார் இன்றைக்கும் அதில்தான் தேநீர் குடிக்கிறார். மூர்த்தி அண்ணையை எனக்கு ஒருநாளும் பிடித்ததில்லை. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை வந்தால் முதல் ஆளாகக் கிளம்பிவிடுவேன். அவர் அடுத்தவரைக் கிழிக்கும்போது பக்கத்தில் இருப்பதில் ஒரு சுகம் இருந்தது.

அவருக்கு இந்தச் சுவை வந்த கதையை அவரே சொல்லியிருக்கிறார். பத்தொன்பது வயதில் அகதியாக வந்து, ஒரு பிட்சாக் கடையில் கோப்பை கழுவினாராம். முதலாளி இத்தாலிக்காரர். ஒருநாள் புது இத்தாலிய வண்டியில் மிடுக்கோடு முற்றத்தில் வந்து இறங்க, வண்டி அவரோடு சேர்ந்து சரிந்தது. எழும்பிய முதலாளி வண்டியை ஒரு உதை விட்டு, உடனே அதன் டாங்கைத் தடவிக் கொஞ்சினார். சமையற்கட்டு ஆட்கள் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்கள். மூர்த்தி அண்ணை பொத்தவில்லை. அன்று பின்னேரமே வேலை போனது.

"அப்பவே நினைச்சன், இப்பிடி ஒரு சாமானை வாங்கினால் சாகுமட்டும் சிரிக்கலாம் எண்டு," என்பார்.

"உங்களைப் பார்த்தோ அண்ணை?"

"எனக்கென்ன விசரே. விழுகிறவனைப் பார்த்து."

குட்ஸியின் இரண்டு சிலிண்டர்களும் மாட்டுக்கொம்பு மாதிரி இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டிருக்கும். விழுந்தால் முதலில் தேய்வது அவற்றின் அலுமினிய மூடிகள்தான். அதற்காகச் சிலர் காப்புக் கம்பி பூட்டுவார்கள். மூர்த்தி அண்ணை பூட்டவில்லை. "விழுகிறவனுக்குத்தான் கம்பி" என்று சொல்லிவிட்டார். அவருடைய மூடிகளில் முகம் பார்த்துத் தலை சீவலாம். யார் வந்தாலும் முதலில் குந்தியிருந்து வந்தவரின் மூடியைத்தான் பார்ப்பார். கீறலைக் கண்டால் விரலால் தடவி, எங்கே எப்போது விழுந்தது என்று விசாரிப்பார். நிறுத்தும்போது ஸ்டாண்டைக் குனிந்து பார்க்கிறவர்களைக் கண்டால் அவருக்கு ஆகாது. "குனிஞ்சு பார்க்கிறவன் சைக்கிள் வாங்கட்டும்" என்பார்.

போன இலையுதிர்காலத்தில் ஜோன்சன் வந்தான். பேருந்து ஓட்டுகிறவன். நாங்கள் பத்து வார்த்தை பேசினால் அவன் ஒரு வார்த்தை பேசுவான். எத்தனையோ வருடம் ஆசைப்பட்டு ஒரு பழைய சிவப்பு டுக்காட்டி வாங்கியிருந்தான். அப்பா அதில் வந்து இறங்குவதைப் பார்க்க வேண்டும் என்று மகள் மிதுஷா அடம்பிடித்ததால் மனைவி யோசப்பின் அவளைக் காரில் கூட்டி வந்திருந்தாள். அணைக்கட்டுக்குப் பக்கத்தில் நாங்கள் வழமையாகக் கூடுகிற தேநீர்க்கடை வாசலில் அவன் வந்து நிறுத்தினான். ஸ்டாண்ட் மேலே மடங்கிய சத்தம் எங்கள் எல்லோருக்கும் கேட்டது. அவனுக்குக் கேட்கவில்லை. மகளுக்குக் கை காட்டத் திரும்பினான்.

வண்டி அவனோடு சரிந்தது, அவனுடைய கை பிடிக்குக் கீழே போய்விட்டது. கால்சட்டை பின்பக்கம் இரண்டாகக் கிழிந்திருந்தது. "கை, கை" என்றான். எமில் எழும்பினார். மூர்த்தி அண்ணை போக்குவரத்துப் பொலிஸ் மாதிரிக் கையை உயர்த்தினார்.

"ஒருத்தரும் தொடப்படாது. முதல் படம்."

கைபேசியின் கண்ணாடியைச் சேர்ட்டில் துடைத்தார். ஒரு பக்கம் நின்று எடுத்தார், மறுபக்கம் போய் எடுத்தார், கிழிசல் தெரிகிற மாதிரியும் ஒன்று எடுத்தார். பிள்ளை விம்மி அழுதது. "அழாதை பிள்ளை, இனி அப்பாவை எல்லாரும் பாப்பினம்" என்றார். அன்றைக்கு வாய் தவறிப் பாவம் என்றது நான்தான், கேக் வாங்கியதும் நான்தான். ஜோன்சனுக்கு இரண்டு விரல் முறிந்து பல வாரம் வேலைக்குப் போகவில்லை. படம் ஏறிய அன்றே டிரெஸ்டனில் ஆராய்ச்சி செய்கிற யோகேஷ் "ப்ரோ, பின் டயர் பஞ்சர்" என்று எழுதினான். நானும் சிரித்தேன். நல்ல பகிடிதானே.

ஜோன்சன் கோபிக்கவில்லை. வசந்தம் வந்ததும் திரும்பி வந்தான். மூர்த்தி அண்ணைக்குப் பக்கத்துக் கதிரையில் இருந்து அவர் சொல்வதையெல்லாம் தலையாட்டிக் கேட்டான்.

வைகாசியில் ஒரு ஞாயிறு. மூர்த்தி அண்ணை வண்டிக்குப் பக்கத்தில் நின்று, ஒரு கையில் கேக் தட்டோடு, கார்புரேட்டரைச் சரிசெய்வது எப்படி என்று எங்களை வைத்துக் கிழித்துக்கொண்டிருந்தார். இடது காலை அப்போதுதான் நிறுத்திய வண்டியின் புகைக்குழாயோடு சாய்த்து வைத்திருந்தார். ரப்பர் எரிகிற மணம் வந்தது. பிறகு சப்பாத்தின் பக்கத்திலிருந்து மெல்லிய புகை எழும்பியது. அவர் பேசிக்கொண்டே நின்றார். அடிப்பாகம் உருகிக் குழாயில் ஒட்டிக்கொண்டது. அப்போதும் பேசிக்கொண்டே நின்றார்.

யாரும் சொல்லவில்லை. சொல்லித் தரக்கூடாது என்பது அவருடைய சட்டம். ஜோன்சன் மட்டும் என் பக்கம் குனிந்து, "சீனி வருத்தம், நீரிழிவு. கால் விறைச்சுப்போச்சு. எங்கடை அம்மாவுக்கும் இப்பிடித்தான் தொடங்கினது," என்றான். மூர்த்தி அண்ணை அந்த நேரம் இரண்டாவது துண்டு கேக்கை எடுத்தார். எங்களுக்கு முன்னால் இனிப்புத் தின்றால் எங்களுக்கு விளங்காது என்று நினைத்திருக்கிறார்.

அதன்பிறகு நாங்கள் பார்க்கத் தொடங்கினோம். அவர் எங்களுக்கு முன்பே வந்து வண்டியை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருப்பார். போகும்போது எல்லோரும் போனபிறகு போவார். ஒருநாள் நான் அவருக்கும் முன்பே வந்துவிட்டேன். அவர் வண்டியில் இருந்தபடி குனிந்து, ஸ்டாண்டைக் கண்ணால் தேடி, கையால் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் இறங்கினார். என்னைக் கண்டதும் முகம் கறுத்தது. விழுந்தால்கூட அவருக்குப் பரவாயில்லை, விழுந்தால் படம், சிரிப்பு, அவ்வளவுதான். வருத்தக்காரன் என்று நாங்கள் இரங்கத் தொடங்கிவிட்டால் அவர் எங்களில் ஒருவர் இல்லை. அதுதான் அவருடைய பயம். அது எனக்குத் தெரிந்தது, ஜோன்சனுக்கும் தெரிந்தது.

ஆடி மாதம் ஒருநாள் வீதி வேலையால் அவருக்குப் பிந்திவிட்டது. நாங்கள் எல்லோரும் வெளியே மேசையைச் சுற்றி இருக்கிறோம், தின்னக் கொண்டுவந்த ரோல்ஸ் பொதி பிரித்தாகிவிட்டது, அப்போதுதான் குட்ஸியின் சத்தம் கேட்டது. வந்து நிறுத்தினார். இடது கால் ஸ்டாண்டைத் தேடித் தடவியது. தலை குனியப்போனது. எங்களைப் பார்த்தார். எட்டுப் பேரும் வாய் மூடி அவரையே பார்த்துக்கொண்டிருந்தோம். குனிந்த தலையை நிமிர்த்தி, பழையபடி, பார்க்காமலே ஸ்டாண்டைத் தள்ளினார். பாதம் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் வெறும் காற்றைத் தள்ளியது. நாங்கள் பார்த்தோம். அவர் வண்டியைச் சாய்த்தார்.

அலுமினியம் சரளைக்கல்லில் உரசிய சத்தம் பல்லைக் கூசவைத்தது. இடது கால் வண்டிக்குக் கீழே போய்விட்டது. சிலிண்டர் தாங்கியதால் நசியவில்லை, ஆனால் எடுக்க ஏலாது. கிடந்தபடியே கையை உயர்த்தினார்.

"தொடப்படாது. முதல் படம்."

முகத்தில் சிரிப்பை வரவழைத்து, எங்கள் பக்கம் திருப்பி வைத்திருந்தார். எமில் சட்டத்தை மதிக்கிற மனிதர், கைபேசியை எடுத்தார். ஜோன்சன் எழும்பி எமிலின் கையை மெதுவாகக் கீழே இறக்கினான்.

"பாவம், தூக்குங்கோ," என்றான்.

எல்லோரும் ஓடிப்போனோம். வண்டியை நிமிர்த்தினோம். அவரைக் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து கதிரையில் இருத்தினோம். ஒருவர் தண்ணீர் கொண்டுவந்தார், ஒருவர் முதுகைத் தடவினார். ஜோன்சன் முழந்தாளிட்டு அவருடைய இடது சப்பாத்தைத் தொட்டான்.

"நோகுதோ அண்ணை?"

"இல்லை."

"நோகாதுதானே."

மூர்த்தி அண்ணை காலை இழுத்துக்கொண்டார். "பாவம் எண்டு சொன்னனீ. எல்லாருக்கும் கேக் வாங்கு," என்றார், பழைய குரலில். வழமையாக அந்த இடத்தில் நாங்கள் விழுந்து விழுந்து சிரிப்போம். ஒருவரும் சிரிக்கவில்லை. "ஓம் அண்ணை," என்று ஜோன்சன் உள்ளே போனான்.

"ஆர் படம் எடுத்தது?" மூர்த்தி அண்ணை எங்களைச் சுற்றிப் பார்த்து என் பக்கம் திரும்பினார். "கம்சனா, நீ எடுத்தனியோ?"

"இல்லை அண்ணை."

"எடுக்காமல் எப்பிடித் தூக்கினனீங்கள்? வண்டியைத் திரும்பப் படுக்க வையுங்கோ. நான் கீழை கிடக்கிறன். ஒண்டு எடுங்கோ."

என் கைபேசி மடியில் இருந்தது. கோப்பையும் மாமியாரும் ஞாபகத்துக்கு வந்தார்கள். நான் வருத்தக்காரரிடம் கதைக்கிற குரலில் சொன்னேன்.

"இப்ப ஏன் அண்ணை அதெல்லாம். நீங்கள் ஆறுதலாய் இருங்கோ."

என்னை அவர் பார்த்த பார்வையை மறக்கமாட்டேன். எனக்கு அதில் வருத்தமில்லை.

ஜோன்சன் தட்டத்தோடு வந்தான். எங்கள் எல்லோருக்கும் ஒவ்வொரு துண்டு பாற்கட்டிக் கேக். மூர்த்தி அண்ணைக்கு முன்னால் மட்டும் ஒரு தேநீரை வைத்தான்.

"குடியுங்கோ அண்ணை. சீனி போடேல்லை."

அவர் தேநீரைப் பார்த்தார். பிறகு எங்கள் தட்டுகளைப் பார்த்தார். எத்தனை நாளாக எங்களுக்குத் தெரியும் என்று அப்போது அவருக்கு விளங்கியிருக்க வேண்டும். கோப்பையை எடுத்து முழுவதையும் குடித்தார். அம்பிகா அக்கா காரில் வந்து கூட்டிக்கொண்டு போனார். அதன்பிறகு அவர் வரவில்லை.

படம் எடுத்திருந்தால் அன்றைக்கே ஜோன்சனின் படம் இறங்கியிருக்கும். எமிலைத் தடுத்தபோது அவனுக்கு அது தெரியும். குழுவின் முகப்பில் இன்றைக்கும் அவன்தான் கால்சட்டை கிழிந்து கிடக்கிறான்.