மலை தெரியாமல் ஓட்டுகிறவர்

“கண்ண மூடிக்குங்க தம்பி. ஏத்தம் எங்க தெரியுதுன்னு மட்டும் சொல்லுங்க.”

மூடிக்கொள்கிறேன். பின்சீட்டில் நான், முன்னால் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அவர். கார் மலைப்பாதையில் போவது எனக்குத் தெரியும். உடம்புக்குத் தெரியக்கூடாது என்பது அவர் கட்சி. “இப்பத் தெரியுதா? இப்ப?” என்று விட்டுவிட்டுக் கேட்பார். மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர். வாரம் முழுக்க வருகிறவர்கள் கண்ணில் வில்லைகளை மாற்றி மாற்றிப் போட்டுக் கேட்கிற கேள்வி அது. ஞாயிற்றுக்கிழமை மட்டும் வாய் சும்மா இருக்குமா?

கீழ்வீடு அவருடையது, மாடியில் நான் வாடகைக்கு. தெருவில் அவரை ‘ஐம்பது’ என்றால்தான் தெரியும். புதுக் கார் வந்த நாளிலிருந்து வேகத்தைத் தானாகவே பிடித்துவைக்கும் குரூஸ் கன்ட்ரோலை ஐம்பதில் வைத்துவிட்டுக் காலை மடக்கிக்கொள்வார். “காலுக்கு லீவு” என்பார். சமதரையில் அது சுகம்தான். மிதிப்பதும் விடுவதுமான அசைவே கிடையாது. மரங்கள் ஒரே நிதானத்தில் பின்னால் நகரும், பேச்சு தானாகக் குறையும், கண் சொக்கும்.

வினை மலையில் வந்தது. மலைக்கு அந்தப் பக்கம் மகள் வீடு. அக்காவுக்கு, அதாவது அவர் மனைவிக்கு, மலைப்பாதை என்றாலே வயிற்றைப் புரட்டும். பஸ் இன்னும் மோசம். “மெஷின் ஓட்டுனா ஆட்டமே இருக்காது” என்று அடித்துச் சொல்லி அழைத்துப்போனார். மெஷினுக்கு ஐம்பது என்றால் ஐம்பதுதான். முன்னால் மேடா பள்ளமா என்று அதற்கென்ன தெரியும்? ஏற்றத்தில் திணறி, திடீரென்று கியர் இறங்கி உறுமிப் பாய்ந்தது. இறக்கத்தில் ஐம்பதையும் மீறி ஓட, இவர் பதறிப்போய் பிரேக்கை மிதிக்க, அக்கா பாதி மலையில் இறங்கி மைல்கல்லைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தார். அத்தோடு வீடு திரும்பினார்கள். “இனிமே இந்த மலைக்கு என்னைக் கூப்பிடாதீங்க” என்றதோடு சரி.

இப்போது மகளுக்கு மாதம் நெருங்கிவிட்டது. தலைப்பிரசவம். “நீ வருவல்லம்மா?” என்று ஃபோனில் அவள் கேட்கும்போதெல்லாம் இவர் எழுந்து வாசலுக்குப் போய்விடுகிறார். “பாக்கலாம்டா” என்று அக்கா ஆசையை விழுங்கிக்கொள்கிறார். எனக்கே கேட்கப் பாவமாக இருக்கும்.

அதற்காகத்தான் இந்த ஞாயிறுகள். மேடு கண்ணுக்குத் தெரிந்ததுமே பொத்தானைத் தட்டித் தட்டி வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைக்கிறார். உச்சியும் வளைவும் நெருங்கினால் மெஷினை நிறுத்திவிட்டுக் காலால் பார்த்துக்கொள்கிறார். இறக்கம் சின்ன கியரில். “அதுக்குத் தூரப்பார்வை இல்ல தம்பி. பக்கத்துல வந்தாத்தான் முழிக்குது.” என் மூடிய இமைகள்மேல் வெயிலும் நிழலும் மாறி மாறிப் போகும். எங்கோ தண்ணீர் விழும் சத்தம் வரும், போகும். ஏறுகிறோமா இறங்குகிறோமா என்பதே மறந்து, படகில் படுத்திருப்பதுபோல் கிடப்பேன். அவர் கேள்விக்குப் பதில் சொல்லாமல் தூங்கிப்போனதும் உண்டு. அன்றைக்கெல்லாம் அவருக்குத் தலைகால் புரியாது.

அக்கா என்னைத் தனியாகப் பிடித்து விசாரித்தார். “மறைக்காமச் சொல்லுங்க தம்பி, குமட்டுதா?”

“தூக்கம்தான் வருதுக்கா.”

போன வாரம் கிளம்பினோம். என்னையும் விடவில்லை. “உங்க எடைக்குத்தான் பழகியிருக்கேன். நீங்க பாட்டுக்கு ஏறுங்க.” அக்கா முன்சீட்டில், மடியில் காலிப் பையோடு, அடிவாரம் வருமுன்பே கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். அன்று அவர் “தெரியுதா?” என்று கேட்கவே இல்லை. கேட்டால் தெரிந்துவிடுமோ என்ற பயம். மூடுபனி கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு வந்தது. கார் போகிறதா, மலைதான் எங்களைக் கடந்து போகிறதா என்று எனக்கே சந்தேகம். ஒரு வளைவுக்குப் பிறகு பையைப் பிடித்திருந்த அக்காவின் விரல்கள் தளர்ந்தன. ஓட்டுகிறவர் பிடரியில் வேர்வை ஓடிக்கொண்டிருந்தது.

சாலை சமமாகி, வயல்கள் வந்ததும் ஓரமாக நிறுத்தினார். வண்டி நின்றதில் அக்கா விழித்தார்.

“ஏன் நின்னுட்டீங்க? மலை இன்னும் எவ்வளவு தூரம்?”

அவர் கையை நீட்டி, மேலே இருந்த பின்பார்வைக் கண்ணாடியை மெல்ல அக்கா பக்கம் திருப்பிவைத்தார்.