எவ்விதம் என்று கேட்கப் பிரெஞ்சு கற்றது

எங்கள் கம்பம் பக்கத்தில் சாவு வீட்டுக்குத் துட்டி கேட்க வருகிறவர்கள் சும்மா அமர்ந்துவிட்டுப் போவதில்லை. உயிர் எவ்விதம் பிரிந்தது என்று கேட்பார்கள். வீட்டுப் பெரியவர் சொல்லியாக வேண்டும். பிரான்சில் என் மகன் இறந்த செய்தி வந்தபோது எனக்குத் தெரிந்தது கொஞ்சமே: மருத்துவமனையில் இறந்தான், அங்கேயே அடக்கம் செய்துவிட்டார்கள்.

"மச்சான், மாப்ள பட்டுன்னு போயிருச்சா, இல்ல இழுத்துக்கிட்டுக் கெடந்துச்சா?" என்று என் மனைவியின் தம்பி அத்தனை பேர் முன்னிலையில் கேட்டார்.

நான் கல்லூரியில் பொருளியல் கற்பித்தவன். தெரியாததைத் தெரிந்ததுபோல் உரைத்துப் பழக்கமில்லை.

மருமகளுக்குப் பிரெஞ்சு மட்டுமே தெரியும். எங்களுக்கிடையே மகனே மொழிபெயர்த்துவந்தான். கைப்பேசி அந்த வேலையைச் செய்துவிடும் என்றார்கள். பெற்ற மகனின் சாவை இயந்திரக் குரலில் கேட்க நான் உடன்படவில்லை. தெரிந்தவர் எவரையேனும் நடுவில் வைத்தால், வீட்டுச் செய்தி மறுநாளே பேருந்து நிலையத் தேநீர்க்கடையில் அலசப்படும். ஆகவே, புதுச்சேரியில் பிரெஞ்சு ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்று, பெரியகுளத்தில் மகள் வீட்டில் தங்கியிருந்த அம்மையாரிடம் வாரந்தோறும் சென்றேன்.

"வாத்தியாரய்யா பிரான்ஸுக்கே பொறப்பட்டாக போல! அங்கன கேப்பக்களி கெடைக்காதுய்யா!" என்று பேருந்தில் ஒருவர் கேலி செய்தார். நான் சன்னலுக்கு வெளியே பார்த்திருந்தேன்.

பாடத்தில் வினையடைகளுக்கு வந்தோம். தமிழில் 'ஆக' சேர்த்தால் பெரும்பாலும் போதும். அங்கோ பெயரடையை முதலில் பெண்பாலாக்கி, அதன்பின் 'மான்' என்று ஒலிக்கும் ஈற்றைச் சேர்க்க வேண்டும். மெதுவானது 'லான்', பெண்பாலில் 'லான்த்', மெதுவாக என்பதற்கு 'லான்த்மான்'. சொல் நிற்கும் இடமும் எனக்கு எளிதில் கைவரவில்லை. நாம் எவ்விதம் என்பதைச் சொல்லிவிட்டு வினையில் முடிக்கிறோம். அவர்கள் பெரும்பாலும் வினையை முதலில் சொல்லிவிடுகிறார்கள்.

"எதுக்கு சார் ஒவ்வொரு வாட்டியும் 'செத்தான்'னே வாக்கியம் எழுதுறீங்க? 'பாடினான்', 'நடந்தான்'னு எழுதுங்களேன்" என்றார் அம்மையார்.

"எனக்கு வேண்டிய வினை இதுதான்" என்றேன். அவர் அந்த வாக்கியத்தையே திருத்தித் தந்தார்.

ஒரு ஞாயிறு பிற்பகலில் மருமகளை அழைத்து, எழுதிப் பழகிய கேள்வியைக் கேட்டேன்: திடீரென்றா, மெதுவாகவா? கைப்பேசித் திரையில் அவள் முகம் நெடுநேரம் அசையவில்லை. கணவனை இழந்தவளிடம் இப்படிக் கேட்கும் வழக்கம் அந்த நாட்டில் இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"இறந்தார்" என்றாள். பிறகு, "மெதுவாக. மிக மெதுவாக."

புற்றுநோய். ஓராண்டுக்கும் மேல். மறுபடி சொல்லும்படி வேண்டினேன், சொன்னாள். எனக்குத் தெரிவிக்கலாகாது என்று அவனே அவளிடம் வாக்கு வாங்கியிருந்தான். அப்பா யார் முன்னாலும் அழமாட்டார், தனியே வைத்துக்கொண்டு வாடுவார் என்றானாம். அந்த ஓராண்டும் ஞாயிறுதோறும் என்னிடம் "நல்லாயிருக்கேம்ப்பா" என்றே சொல்லிவந்தவன்.

"நீங்கள் எப்படி இருக்கிறீர்கள்?" என்று அவள் கேட்டாள்.

உறக்கம் போய்விட்டது என்பதையும், உள்ளே படுத்திருக்கும் அவன் தாயிடம் இதை எவ்விதம் சொல்வதென்று தெரியவில்லை என்பதையும் கூறுமளவுக்கு எனக்குப் பிரெஞ்சு வந்திருந்தது.

"பியன்" என்றேன். நன்றாக.