முதுகு காட்டிப் பேசும் இடம்

1. முதல் நாள்

பெங்களூர் பீன்யாவில் ஒரு பம்ப் கம்பெனியின் பேக்கிங் செக்‌ஷனில் இருந்தேன். மெஷின் சத்தத்தில் யாரும் யாரோடும் பேச முடியாது. எனக்கு அது வசதியாகத்தான் இருந்தது. கம்பெனி ஓசூர் பக்கம் போன பிறகு, வைட்ஃபீல்டில் இந்தக் குழந்தைகள் மியூசியத்தில் ஃப்ளோர் ஸ்டாஃப் வேலை கிடைத்தது. படிப்பு பத்தாவதுதான். புது ஆட்களிடம் பேசக் கூச்சம். எப்படிச் சமாளிப்பது என்று மெட்ரோவில் வழியெல்லாம் யோசித்துக்கொண்டே போனேன்.

உள்ளே நுழைந்தால் மீன்தொட்டிக்குள் நிற்பது போல இருந்தது. மேல் கண்ணாடி வழியாக இறங்கிய வெயில் தண்ணீர் மேஜையில் பட்டுக் கூரையில் நெளிந்தது. பெரிய பெரிய சோப்புக் குமிழிகள் மெதுவாக மிதந்து போய் எங்கேயோ மறைந்தன. காற்றுக் குழாய்க்குள் கலர்த் துணிகள் பறவை மாதிரி பறந்தன. பீன்யாவில் திரும்பின பக்கமெல்லாம் ‘தொடாதே’ போர்டு. இங்கே எல்லாவற்றையும் தொடலாம்.

சூப்பர்வைசர் சுமா மேடம் கன்னடக்காரர், தமிழும் நன்றாகப் பேசுவார். அவர் சொன்ன ரூல் ஒன்றுதான். குழந்தைக்கு விளக்கம் சொல்லக்கூடாது, அதன் கையிலிருந்து வாங்கி நாம் செய்து காட்டவும் கூடாது. பக்கத்தில் இருந்தால் போதும்.

“உங்களுக்கு ஈஸி அக்கா, நீங்கதான் வாயே திறக்க மாட்டீங்களே” என்று சிரித்துக்கொண்டே என்னை ‘ரகசியத் தட்டு’ என்கிற இடத்தில் போட்டார்.

2. ரகசியத் தட்டு

ஹாலின் இரண்டு கோடியிலும் ஆளுயரத்துக்கு ஒவ்வொரு குழிந்த தட்டு, மொட்டை மாடி டிஷ் ஆன்டெனா மாதிரி. ஒரு தட்டைப் பார்த்து உட்கார்ந்து முணுமுணுத்தால், எதிர்க் கோடித் தட்டின் முன் இருப்பவர் காதில் தெளிவாக விழும். நடுவில் நிற்பவர்களுக்குக் கேட்காது. பேசுகிற இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் முதுகு காட்டித்தான் உட்கார வேண்டும். பெரியவர்கள் எல்லோரும் இங்கே ஒரே தப்பைத்தான் செய்வார்கள். திரும்பிப் பார்த்து, “கேக்குதா?” என்று கத்துவார்கள்.

3. ஆதிரா

கூட்டமில்லாத ஒரு மத்தியானம் ஈரோட்டுக் குடும்பம் ஒன்று வந்தது. அம்மா சின்னப் பையனோடு தண்ணீர் மேஜையில் நனைந்துகொண்டிருந்தார். அப்பா தன் ஐந்து வயது மகள் ஆதிராவைத் தட்டு முன்னால் உட்கார வைத்துவிட்டு, அடுத்த கோடிக்கு ஓடித் திரும்பி நின்று, சத்தமாகச் சொல்லு பாப்பா என்றார். அவள் தரையைப் பார்த்தாள்.

கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அவர் என்னிடம் வந்தார். பெங்களூருக்கு வந்து ஆறு மாசம் ஆகிறதாம். வீட்டில் நன்றாக விளையாடுவாளாம், ஸ்கூலில் ஒரு வார்த்தை இல்லை. இந்த மாசத்துக்குள் வாய் திறக்காவிட்டால் யூகேஜியிலிருந்து எல்கேஜிக்கு இறக்கிவிடுவோம் என்று சொல்லிவிட்டார்களாம்.

“தெனமும் எதுக்க உக்கார வெச்சுக் கேக்கறனுங்க. என்னையப் பாத்துச் சொல்லுன்னா தலையக் குனிஞ்சுக்குது.”

அதற்குள் ஆபீஸ் போன் வந்து அவர் ஒதுங்கினார். ஆதிரா தட்டை விட்டு எழுந்திருக்கவில்லை. நான் போய் அந்தக் கோடித் தட்டின் முன் உட்கார்ந்தேன். கூரையில் வெளிச்சம் நெளிந்துகொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் காதுக்குள்ளேயே ஒரு குரல் வந்தது.

“உள்ள யாராச்சும் இருக்கீங்களா?”

“இருக்கேன். நீல டி-சர்ட் ஆன்ட்டி.”

“நீங்க ஏன் யாருகிட்டயும் பேச மாட்டீங்கறீங்க?”

இத்தனை வருஷத்தில் யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை.

“கூச்சமா இருக்கும் கண்ணு. யாராவது சிரிச்சிடுவாங்களோன்னு.”

“எங்க கிளாஸ்லயும் சிரிப்பாங்க.”

இதற்கு மேல் கேட்க வேண்டியவள் நான் இல்லை என்று தோன்றியது. அங்கேயே இரு, இப்போது அப்பா வருவார், அவரும் உன்னைப் பார்க்க மாட்டார் என்று சொல்லிவிட்டு எழுந்தேன்.

அவர் போனை வைத்ததும் நானாகவே அவரிடம் போனேன். “சார், அங்க போய் உக்காருங்க. மெதுவாப் பேசுங்க. திரும்பி மட்டும் பாக்காதீங்க.”

நான் ஹாலின் நடுவில் போய் நின்றேன். அங்கே எதுவும் கேட்காது. இந்தப் பக்கம் சின்ன முதுகு, அந்தப் பக்கம் பெரிய முதுகு, நடுவில் மிதக்கும் குமிழிகள். பெரிய முதுகு இரண்டு தடவை திரும்பப் போய் அடங்கியது. பிறகு அவர் கை மெதுவாகத் தட்டின் விளிம்பைப் பிடித்தது. அப்படியே இருந்தது.

எழுந்து வந்தபோது அவர் கண் சிவந்திருந்தது. ஆதிரா சொன்னதை என்னிடம் சொன்னார். ஸ்கூல் சேர்ந்த புதிதில் பாத்ரூம் போக வேண்டும் என்று தமிழில் கேட்டிருக்கிறாள். மிஸ்ஸுக்குப் புரியவில்லை. துணி நனைந்துவிட்டது. கிளாஸே சிரித்திருக்கிறது. காலையில் முதல் வேலையாக மிஸ்ஸைப் பார்க்கிறேன் என்றார்.

“ஆறு மாசமா மூஞ்சியப் பாத்துப் பாத்துக் கேட்டனுங்க” என்று மட்டும் மறுபடி சொன்னார்.

4. மறுபடியும்

சில வாரம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆதிரா வந்தாள், கூடவே கிளாஸ் பையன் ஒருவன். யூகேஜியிலேயே இருக்கிறாள் என்று அப்பா தூரத்திலிருந்தே சொன்னார். பையனை அந்தக் கோடியில் உட்கார வைத்துவிட்டு ஓடி வந்து இந்தத் தட்டின் முன் உட்கார்ந்தாள். “கேளிஸ்தா இதெயா?” என்று கன்னடத்தில், கேட்கிறதா என்று ரகசியமாகக் கேட்டாள். அந்தக் கோடியில் பையன் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான். இந்தச் சிரிப்பு அவளுக்குப் பிடித்திருந்தது. என்னைத் திரும்பியே பார்க்கவில்லை.

புதிதாக வேலைக்குச் சேருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். குழந்தையிடம் என்னைப் பார்த்துச் சொல்லு என்று கேட்காதீர்கள். அது பார்க்கிற பக்கத்தையே நீங்களும் பார்த்துக்கொண்டு இருங்கள்.

எனக்கும் பியூசி, அதாவது நம்மூர் பிளஸ் டூ மாதிரி, படிக்கிற மகள் இருக்கிறாள், காலேஜைப் பற்றிக் கேட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வாள். இப்போது சாயங்காலம் ஜோகுபாளையம் வீட்டு ஜன்னல் பக்கம் அவளோடு உட்கார்ந்து பூண்டு உரிக்கிறேன். இரண்டு பேரும் தெருவைப் பார்க்கிறோம். கொஞ்ச நேரத்தில் அவளே ஆரம்பிக்கிறாள். நான் திரும்புவதில்லை.