பட்டனில் யாருடைய விரல்?

"இறக்கையே இல்லாம இந்த டர்பைன் எப்படிங்க சுத்தும்?"

"காத்து இந்தத் தட்டை ஒட்டிக்கிட்டே போகும். போற போக்குல தட்டையும் இழுத்துட்டுப் போகும். கடைவீதியில நீ என்னை இழுத்துட்டுப் போற மாதிரி."

"ஆமா, இழுத்ததும் வந்துட்டீங்க பாருங்க!"

என் கணவர் என்னோடு கடைசியாகச் சிரித்துப் பேசியது அதுதான். மறுநாள் மூளையில் ரத்தக்கசிவு. இனி நான் சொல்லப்போவதை நானே நம்ப மறுத்தவள். ஆனால் என் கொழுந்தனும் கூடவே நின்று பார்த்தான்.

மூன்று வாரமாக அவர் வென்டிலேட்டரில் இருந்தார். "இனி திரும்ப மாட்டார்மா. மெஷினை எடுத்துடலாமா?" என்று டாக்டர் கேட்டுவிட்டார். "நாளைக்குச் சொல்றேன்" என்று எழுந்து வந்தேன்.

வீட்டுப் பின்னறையில் அவரே செய்த டர்பைன் இருந்தது. இறக்கைகளுக்குப் பதில் அடுக்கடுக்காக வழவழப்பான எஃகுத் தட்டுகள். அசுர வேகம். அதனால் சிவப்புப் பட்டனை அழுத்திக்கொண்டே இருந்தால்தான் காற்றுக் குழாய் திறக்கும்படி புரோகிராம் எழுதியிருந்தார். விரலை எடுத்தால் நின்றுவிடும்.

அன்று மாலை ஏழு மணி. ஆஸ்பத்திரியிலிருந்து வந்து கதவைத் திறந்தேன்.

ஊஊய்ங்...

பின்னறையில் யாருமில்லை. தட்டுகள் மட்டும் சுழன்றன.

கொழுந்தனை வரவழைத்தேன். அவனும் புரோகிராம் எழுதுகிறவன்தான்.

"ஒயர் லூஸா இருக்கும் அண்ணி. பட்டனை அழுத்தினா ஒண்ணு, இல்லன்னா பூஜ்யம். தொங்குற ஒயர் இஷ்டத்துக்கு ஒண்ணுன்னும் சொல்லும், பூஜ்யம்னும் சொல்லும்."

பட்டனையே கழற்றி எறிந்தான். அந்த ஒயர் முனையை எர்த்தோடு சேர்த்துப் பற்றவைத்தான்.

"இனி எப்பவும் பூஜ்யம்தான். நிம்மதியா தூங்குங்க."

மறுநாள் மாலை. இருவரும் டர்பைனோடு இணைத்த லேப்டாப் திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

பூஜ்யம்... பூஜ்யம்... பூஜ்யம்...

மணி ஏழு.

ஒன்று.

ஊஊய்ங்...

"அண்ணி... யாரோ அழுத்துறாங்க."

டர்பைனின் பிளக்கைப் பிடுங்கினான்.

நிற்கவில்லை.

அப்படியே ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். எங்களைக் கண்டதும் நர்ஸ் எழுந்து வந்தாள்.

"அக்கா, நேத்தே சொல்லணும்னு இருந்தேன். ஏழு மணியானா சாரோட கட்டைவிரல் மெத்தையில அழுத்திக்கிட்டு விறைச்சுப்போகுது. ரெண்டு பேர் சேர்ந்தும் தூக்க முடியல."

"அப்போ... அவருக்கு நினைவு வருதா?"

"டாக்டர் பார்த்துட்டாருக்கா. மூளையில எந்த அசைவுமே இல்லையாம்."

உள்ளே போனேன். கட்டைவிரல் மெத்தைக்குள் புதைந்திருந்தது. நகம் வெளுத்திருந்தது. தொட்டேன். இரும்பு.

குனிந்தேன். நேற்று டாக்டரிடம் சொல்லாத பதில், அவர் காதோரம் வந்தது.

"போதுங்க... கையை எடுத்துடுங்க."