அக்கா எழுப்பிய ரவுட்டர்

வீட்டில் அக்காவுக்குப் பட்டப்பெயர் அவசரக்குடுக்கை. குழாயைத் திறந்துவிட்டுத்தான் வாளியைத் தேடுவாள். ஆனால் தொழிலில் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. காது கேளாத நோயாளிக்கும் டாக்டருக்கும் நடுவே வீடியோவில் உட்கார்ந்து, பேச்சைச் சைகையாக்குவாள், சைகையைப் பேச்சாக்குவாள். படம் நின்றால் பேச்சும் நின்றுவிடும்.

அன்று பார்த்துக் காலையில் ரவுட்டர் மண்டையைப் போட்டது. மதியம் ஒரு பெண்ணுக்குப் பரிசோதனை முடிவு சொல்கிறார்கள். கழுத்தில் கட்டி; ஆபத்தானதா இல்லையா என்று தெரிகிற நாள். "நீங்க இருந்தாத்தான் டாக்டர் முன்னாடி உட்காருவேன்" என்று அக்காவிடம் சைகையில் அடம்பிடித்தவள் அவள்.

போன் சிக்னல் எங்கள் ஜன்னலில் எட்டிப் பார்த்துவிட்டு ஓடிவிடும். மாடிக்கே பொதுவாக வரும் நெட் கேபிளைச் சொருக லேப்டாப்பில் இடமே கிடையாது. அக்கா பரணிலிருந்து பழைய கம்ப்யூட்டரை இறக்கினாள். அதில் கேபிளுக்கு இடம் உண்டு, வைஃபை கார்டும் உண்டு. வீடியோ ஓட்டத்தான் தெம்பில்லை; கேபிளில் வாங்கி லேப்டாப்புக்கு வைஃபையில் கொடுத்தால் போதும்.

"இந்தக் கிழட்டுப் பெட்டியா? தும்மினா தூசிதான் வரும்" என்றார் சலூன் வைத்திருக்கும் அத்தான்.

"முடி வெட்டுற வேலைய நீங்க பாருங்க. இத நான் ரவுட்டராக்கிக் காட்டறேன்!"

விட்டுவிட்டு வந்த சிக்னலில் மென்பொருளை இறக்கி ஏற்றினாள். பொத்தானை அமுக்கினாள். திரையில் இணைந்த கருவிகளின் பெயர்கள் வரிசையாக வந்து நின்றன. அக்கா நாற்காலியோடு குதித்தாள்.

"வந்துருச்சு! எத்தன பேரு சேந்திருக்காங்க பாருடி!"

எனக்கும் தலைகால் புரியவில்லை. பிறகுதான் 'டிவி' என்று ஒரு வரி கண்ணில் பட்டது.

"அக்கா, நம்ம வீட்லதான் டிவியே இல்லையே?"

கதவு இடிபட்டது. எதிர்வீட்டுக் கணக்கு வாத்தியார்.

"மாடி பூரா நெட் போச்சும்மா! ஆன்லைன் கிளாஸ்ல பாதி கணக்குல பசங்க தொங்கறாங்க! இங்க வருதா?"

அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். "அய்யோ, கேபிள் பக்கம் வெளின்னு போடணும். உள்ளன்னு போட்டுட்டேன்!" சொந்த வீட்டைக் கவனிக்கச் சொன்ன பெட்டி, மாடிக்கே நாட்டாமை பண்ணிக்கொண்டிருந்தது. அதை நம்பி எல்லார் வீட்டுக் கருவிகளும் வழி கேட்டு நின்றன. அக்கா இரண்டையும் மாற்றிப்போட்டாள்.

"சார், உங்களோடத ஒருதடவ அணைச்சுப் போடுங்க!"

அவர் முறைத்துக்கொண்டே போனார். லேப்டாப்பில் டாக்டர் வந்தார்; பக்கத்துக் கட்டத்தில் அந்தப் பெண், முகத்தில் ஈயாடவில்லை. படம் ஆடவும் இல்லை, நிற்கவும் இல்லை. எனக்குச் சந்தோஷத்தில் கத்த வேண்டும்போல இருந்தது, வாயைப் பொத்திக்கொண்டேன். டாக்டர் நீளமாகப் பேசினார். அக்காவின் கைகள் கூடவே ஓடின.

திடீரென்று ஸ்பீக்கரில் ஒரு சிரிப்பு வெடித்தது. கூச்சமே இல்லாத பெரிய சிரிப்பு. தன் சத்தம் எவ்வளவு என்று அந்தப் பெண்ணுக்குத் தெரியாது. வாத்தியார் மறுபடி கதவைத் திறந்தார்.

"இப்ப என்னம்மா சத்தம்?"

கண்ணைத் துடைக்கக்கூடக் கையை எடுக்க முடியாமல், சைகை செய்துகொண்டே அக்கா சொன்னாள்:

"பயப்பட ஒண்ணுமில்லையாம் சார். சிரிக்கட்டும், விடுங்க."