நிழற்குடைமேல் ஒரு கை மஞ்சள்

சிங்கவரம் தனசேகரனுக்கு முக்கால் ஏக்கர் கடலைக்காடு, ஒரு டிவிஎஸ் வண்டி, ஒரு பெருமை. மனைவி ஜெயசுதா செஞ்சியில் ஒரு துணிக்கடையில் வேலை செய்கிறாள். மாலை ஏழு மணி பஸ்ஸில் கூட்டுரோட்டில் வந்து இறங்குவாள். அவளைக் காக்கவைத்ததே இல்லை என்பதுதான் அந்தப் பெருமை. ஒன்பது வருடத்தில் ஒரே ஒரு நாள் தவறியது. அன்று வண்டி பஞ்சர்.

போன மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மகளிர் குழுவினர் பள்ளிக்கூட மைதானத்தில் கோலமாவால் ஊர்ப்படம் போட்டார்கள். தெரு, கோயில், ஏரி, கூட்டுரோடு, வீட்டுக்கு ஒரு கட்டம். ஆளுக்கு ஒரு கை மஞ்சள்தூள். மனசுக்குச் சந்தோஷமான இடத்தில் அதை வைக்கவேண்டும். கோலத்தை மிதிக்க யாருக்கும் மனம் வரவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, தங்கள் ஊருக்குள்ளேயே நுனிக்காலில் நடந்தார்கள்.

பக்கத்து வீட்டு வசந்தா படத்துக்கு வெளியே வெறும் மண்ணில் கொட்டினாள். "எங்க அம்மா வூடு அவலூர்பேட்டை. நீங்க அத வரையல, நான் இன்னா பண்றது?"

ஜெயசுதா தன் வீட்டுக் கட்டத்தைத் தாண்டிப் போய், கூட்டுரோட்டு பஸ் நிழற்குடைமேல் கையைத் திறந்தாள்.

"அண்ணே, உன் வூட்ல ஒரு சிட்டிககூட உழலியே!" என்றாள் வசந்தா. எல்லோரோடும் சேர்ந்து தனசேகரனும் சிரித்துவைத்தான்.

சாப்பிடும்போதுதான் கேட்டான். "நம்ம வூட்ல உனுக்கு இன்னா கொற?"

"கொறயெல்லாம் ஒண்ணுமில்ல."

"அப்புறம் ஏன் அங்க வச்ச?"

அவள் குழம்பு ஊற்றிவிட்டுச் சொன்னாள். "அன்னிக்கு வண்டி பஞ்சர் ஆச்சே, கா மணி நேரம் அங்க உக்காந்திருந்தேன். கடையில நாளெல்லாம் நின்னுகினே இருக்கறேன். இங்க வந்தா அடுப்பு. அன்னிக்கு யாரும் என்ன ஒண்ணும் கேக்கல. காத்து வந்துது. அவ்ளோதான். கோச்சிக்கினியா?"

அன்றுமுதல் அடுப்பில் பாதியை அவன் பார்த்துக்கொண்டான் என்று எழுத ஆசைதான். அது நடக்கவில்லை.

மறுநாள் ஏழு மணி பஸ் வந்து போனது. கூட்டுரோட்டுக்கு முந்தின வளைவில், புளியமரத்தடியில் வண்டியை அணைத்துவிட்டு நின்றான் தனசேகரன். பத்து நிமிடம் அவனுக்கு அரை நாள்போல இருந்தது. பிறகுதான் போனான்.

"இன்னா லேட்டு?"

"வண்டி ஸ்டார்ட் ஆவல."

அடுத்த நாளும் அதே கேள்வி, அதே பதில்.

மூன்றாம் நாள் அவள் கேட்கவில்லை. பஸ்ஸை விட்டு இறங்கியதும் வளைவுப் பக்கம் ஒருமுறை பார்த்தாள். வண்டி வெளிச்சம் எதுவும் வரவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, காலை நீட்டி உட்கார்ந்தாள்.