பேர் போடாமல் சொன்ன சம்பளம்

எங்கள் பக்கத்தில் ஒருவரிடம் சம்பளம் கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. ஒரத்தநாட்டில் பஸ் ஏறினால், பக்கத்து சீட்டில் இருக்கும் அம்மா எந்தத் தெரு, யார் வீட்டு மருமகள், எத்தனை பிள்ளை என்று வரிசையாக விசாரித்துவிட்டு, தஞ்சாவூர் வருவதற்குள் "என்ன சம்பளம் தர்றாங்க?" என்பதற்கு வந்துவிடுவார். கேட்பதில் தப்பில்லை. உள்ளதைச் சொல்வதுதான் அசட்டுத்தனம். கண் படும். கைமாற்று கேட்டு ஆள் வரும். கும்பாபிஷேக வசூலில் நம் பெயருக்கு எதிரே ஒரு பூஜ்யம் கூடும். அதனால் எல்லாரும் குறைத்துத்தான் சொல்வார்கள். டீக்கடையில் என் வீட்டுக்காரர் என் சம்பளம் என்று சொல்லி வைத்திருக்கும் தொகை என் காதுக்கு வந்தபோது, அந்தக் காசுக்கு நான் அந்தக் கடையிலேயே கிளாஸ் கழுவியிருக்கலாம் என்று தோன்றியது.

நேரில் இப்படிக் குறைக்கிற ஜனம் இணையத்தில் மட்டும் கூட்டிச் சொல்லும் என்பது ஊர் அறிந்த விஷயம். நானும் அப்படித்தான் நம்பினேன். நம்பியதால் எனக்கு என்ன நஷ்டம் என்று அப்போது யோசிக்கவில்லை.

என் தொழில் சாப்ட்வேர் டெஸ்டிங். மற்றவர்கள் எழுதிய நிரலை ஓட்டிப் பார்த்து, எங்கே உடைகிறது என்று கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும். "சரியாத்தான் இருக்கு" என்று யார் சொன்னாலும் நம்பக் கூடாது, நம்பாததற்குத்தான் சம்பளம். கல்யாணத்துக்குப் பிறகும் சென்னையில் ஒரு பெண்கள் விடுதியில் தங்கி, மாதத்துக்கு இரண்டு முறை ஊருக்கு ஓடி வந்துகொண்டிருந்தேன். கொரோனாவுக்கு வீட்டிலிருந்து வேலை என்றார்கள். வந்தவள் திரும்பிப் போகவில்லை. வீட்டுக்காரருக்கு வயல், அவரால் வர முடியாது. பையனுக்கு இங்கே பள்ளிக்கூடம். எல்லாவற்றையும்விட, எனக்கே திரும்பிப் போக இஷ்டமில்லை. காலையில் பையனை அனுப்பிவிட்டு, மாடி அறையில் லேப்டாப்பைத் திறந்தால், ஜன்னலுக்கு வெளியே நாற்றங்கால் பச்சை. இதை விட்டுவிட்டு யாரோ ஐந்து பேரோடு ஒரு குளியலறைக்கு வரிசையில் நிற்க நான் தயாராக இல்லை.

கம்பெனியும் இருக்கச் சொன்னது. ஆனால் அன்றிலிருந்து சம்பள உயர்வு என்ற பேச்சே நின்றுபோனது. கேட்கும்போதெல்லாம் என் மேலாளர் சிரித்துக்கொண்டே ஒன்றைத்தான் சொல்வார்: "சொந்த ஊர்லயே இருக்கீங்க. வாடகை இல்ல, டிராஃபிக் இல்ல. உங்களுக்கு என்ன செலவு?" கையில் நாற்பத்தெட்டாயிரம் வந்தது. சென்னை அலுவலகத்தில் எனக்குப் பின்னால் சேர்ந்தவர்கள் என்னைத் தாண்டிப் போனது தெரியும். எவ்வளவு தாண்டினார்கள் என்பது தெரியாது.

வீட்டுக்காரர் இதைக் கேட்டுவிட்டு, "நெல்லுக்கு ஈரப்பதம்னு காசைப் பிடிக்கிற மாதிரி உனக்கு ஊருன்னு பிடிக்கிறாங்க" என்றார். கொள்முதல் நிலையத்தில் மூட்டைகளோடு நாள்கணக்கில் காத்துக் கிடந்தவர் அவர். அவருக்குப் புரிந்தது எனக்கு உறைக்கக் கொஞ்ச காலம் ஆனது.

கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் தமிழ்ப் பெண்களுக்கென்று பேஸ்புக்கில் ஒரு குழு உண்டு. பெயரைக் காட்டாமலும் அதில் எழுதலாம். ஒருநாள் யாரோ எழுதியிருந்தார்கள்: "டெல்டாவில் ஒரு கிராமம். டெஸ்டிங் வேலை. ஒன்பது வருட அனுபவம். வீட்டிலிருந்தே பார்க்கிறேன். வரி, பி.எஃப். எல்லாம் போகக் கையில் ஒரு லட்சத்து இருபத்தைந்தாயிரம். வரி பிடிப்பதைப் பார்த்தால் வயிறு எரிகிறது. குறைக்க யாருக்காவது வழி தெரியுமா?"

வழி யார் சொன்னார்கள்? கீழே ஒரே கேலி. கனவில் வாங்குகிற சம்பளமா என்றாள் ஒருத்தி. எங்கள் கிராமத்தையும் இந்த மாதிரி கிராமமாக ஆகச் சொல்லுங்கள் என்றாள் இன்னொருத்தி. நான் என் தொழில் புத்தியோடு எழுதினேன்: "பேரை மறைத்துவிட்டுச் சம்பளச் சீட்டைப் போடுங்கள். பார்த்துவிட்டு நம்புகிறோம்." எழுதியவரிடமிருந்து பதிலே இல்லை. ஆக, புளுகுதான் என்று எல்லாருக்கும் நிம்மதியாகிவிட்டது.

எனக்கு மட்டும் அந்தப் பதிவு உறுத்திக்கொண்டே இருந்தது. இணையத்தில் சம்பளப் புளுகர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். வீட்டில் இருந்தபடியே லட்சம் என்று காரின் மேல் சாய்ந்து நிற்பவன் கடைசியில் ஒரு ஆன்லைன் வகுப்பை விற்பான். கல்யாணத்துக்குக் காத்திருப்பவன், கம்பெனி கட்டுகிற இன்ஷூரன்ஸ், மத்தியானச் சாப்பாடு வரைக்கும் கூட்டிச் சம்பளம் என்று போடுவான். இவர்கள் யாரும் பிடித்தத்தைப் பற்றி வாய் திறக்க மாட்டார்கள். கனவில் வரும் சம்பளத்துக்கு வரி கிடையாது. இந்தப் பெண் வயிறு எரிந்தல்லவா எழுதியிருக்கிறாள்?

டெல்டா, டெஸ்டிங், ஒன்பது வருடம். என்னை விட்டால் எனக்குத் தெரிந்து ஒரே ஒருத்தி. கல்லூரியில் என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள், குடவாசல் பக்கம் வாழ்க்கைப்பட்டவள். அவளிடம் போனில் கேட்டால் மழுப்பிவிடுவாள் என்று, மன்னார்குடியில் பஸ் மாறி நேரிலேயே போய்விட்டேன். அவள் பொய் என்று சொல்லிவிட்டால் நிம்மதியாக என் நாற்பத்தெட்டோடு இருந்துவிடலாம். உண்மையென்றால் சும்மா இருக்க முடியாது. அதற்காகத்தான் போனேன்.

மாமியார் காபி கொண்டுவந்து கொடுத்தார். மாமனார் எதிரே பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். எங்கள் ஊர் வழக்கப்படி நான் கூடத்திலேயே, எல்லார் முன்னாலும் போட்டு உடைத்தேன்.

"உனக்கு இப்ப கையில எவ்வளவுடி வருது?"

தோழி கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. "முப்பத்தஞ்சு."

"இந்த முப்பத்தஞ்சுக்கு விடிஞ்சா அடைஞ்சா அந்தப் பொட்டி முன்னாடியே உக்காந்திருக்கா" என்றார் மாமியார். "பேசாம டீச்சருக்குப் படிச்சிருக்கலாம். நீயாச்சும் சொல்லும்மா."

எனக்கு உள்ளே குளிர்ந்தது. அதை மறைக்கப் போவதில்லை. இவளைவிட நான் பதின்மூன்றாயிரம் கூட வாங்குகிறேன்! காபி இன்னும் ருசியாக இருந்தது. அந்தச் சந்தோஷம் வாசல்படி தாண்டும் வரைதான்.

பஸ் ஏற்றிவிடுகிறேன் என்று கூடவே வந்தவள், வாய்க்கால் மதகு தாண்டியதும் என் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"லூசாடி நீ? அத்தை முன்னாடி யாராச்சும் இதைக் கேப்பாங்களா?"

"ஏன், என்ன?"

"அந்தப் போஸ்ட் நான்தான் போட்டேன். சீட்டைக் காட்டுன்னு நீ எழுதினப்ப இங்கேர்ந்தே ஒரு அறை விடலாம்னு வந்துச்சு."

போனைத் திறந்து வங்கியிலிருந்து வந்த செய்தியைக் காட்டினாள். நான் ஒருமுறை பார்த்தேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தேன். இருந்தது.

"அவருக்குத் தெரியும்" என்றாள். "மாமா, அத்தைக்குத்தான் தெரியாது. தெரிஞ்சா என் அம்மா வீட்டுக்கு நான் அனுப்புறதும் தெரிஞ்சிடும். அப்பா போனதுக்கப்புறம் அம்மாவுக்கு என்னை விட்டா யாரு இருக்கா? ஒரு தடவை சண்டையாகி, இனிமே அனுப்ப மாட்டேன்னு சத்தியம் பண்ணியிருக்கேன். வீட்ல பொய், சொந்தக்காரங்ககிட்ட பொய், பஸ்ஸுல பக்கத்துல உக்கார்றவங்ககிட்டகூடப் பொய். பேர் போடாத இடத்துல ஒரே ஒரு தடவை உண்மையச் சொன்னேன். அதைத்தான் நீங்க எல்லாரும் சேந்து பொய்யின்னீங்க."

பஸ் வந்ததும் ஏறிக்கொண்டேன்.

திரும்பி வரும் பஸ்ஸில் எனக்கு ஆத்திரம் அடங்கவேயில்லை. பக்கத்து சீட்டுக்காரம்மா வழக்கமான விசாரணையை ஆரம்பித்தார். நான் முகத்தை வைத்திருந்த விதத்தைப் பார்த்து, எந்தத் தெரு என்பதோடு நிறுத்திக்கொண்டார். யார்மேல் ஆத்திரம் என்று எனக்கே பிடிபடவில்லை. தோழிமேல் இல்லை. இணையத்தில் எல்லாரும் புளுகுகிறார்கள் என்று நாங்கள் பேசிச் சிரித்துக்கொண்டதில் யாருக்கு லாபம்? எனக்கு இல்லை. அந்தக் குழுவில் கேலி பேசியவர்களில் எத்தனை பேர் என்னைப் போல் பாதிச் சம்பளத்துக்கு உட்கார்ந்திருக்கிறார்களோ. சம்பளம் கொடுப்பவன் எங்களிடம் பொய்கூடச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. உண்மையை நம்பாமல் பார்த்துக்கொள்ளும் வேலையை நாங்களே சம்பளமில்லாமல் செய்துகொண்டிருந்தோம். மன்னார்குடியில் இறங்குவதற்குள் ஒன்றைத் தீர்மானித்துவிட்டேன். ஊரை விட்டுப் போக மாட்டேன். குறைந்த சம்பளத்துக்கும் இருக்க மாட்டேன். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொல்ல இவர்கள் யார்?

அந்த வாரமே மேலாளரிடம் வீடியோ காலில் கேட்டேன். தொகையைச் சொன்னதும் அவர் சிரித்த சிரிப்பில் படமே ஆடியது.

"எங்க பாத்தீங்க இதை? ஆன்லைன்லயா? அதெல்லாம் நம்பாதீங்க. யார் வேணா என்ன வேணா எழுதலாம்."

"உண்மைன்னு எனக்குத் தெரியும் சார்."

"அப்ப யாருன்னு சொல்லுங்க. பேப்பரைக் காட்டுங்க. ஹெச்.ஆர்.கிட்ட பேசுறேன்."

தோழியின் போனில் பார்த்த வங்கிச் செய்தி கண்முன் நின்றது. கேட்டிருந்தால் அனுப்பியும் இருப்பாள். ஆனால் எங்கள் வேலையில் எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும்; அதன் படம் ஒன்று கிளம்பினால் குடவாசலில் அந்தக் கூடத்துக்குப் போய்ச் சேர எத்தனை நேரம் ஆகும்? அவளைக் காட்டிக்கொடுத்து வரும் ஒரு ரூபாயும் எனக்கு வேண்டாம். "காட்ட முடியாது சார்" என்றேன். "அப்ப முடிஞ்சது" என்றார் அவர், நல்ல மனிதர் போலவே.

அடுத்தவள் சீட்டு எதற்கு, என்னிடம் ஒன்று இருக்கிறதே என்று அப்போதுதான் தோன்றியது. அன்று மாலையே அந்தக் குழுவில், என் பெயரிலேயே, என் போட்டோவோடு எழுதினேன்: "ஒரத்தநாடு. டெஸ்டிங். ஒன்பது வருடம். கையில் நாற்பத்தெட்டாயிரம். எனக்கு வெட்கமில்லை, கோபம்தான் இருக்கிறது. உங்களுக்கு எவ்வளவு?"

வீட்டுக்காரர் படித்துவிட்டுத் தலையில் கை வைத்தார். "டீக்கடையில வேற மாதிரி சொல்லி வெச்சிருக்கேனேம்மா."

"இனிமே கூட்டிச் சொல்லுங்க. பழகிக்குங்க" என்றேன்.

இந்தத் தடவை யாரும் ஆதாரம் கேட்கவில்லை. குறைந்த சம்பளத்துக்கு எவரும் ஆதாரம் கேட்பதில்லை என்பதையும் அன்று தெரிந்துகொண்டேன். வெளியே கேலி பேசியவர்களெல்லாம் தனிச்செய்தியில் வந்து தங்கள் தொகையைச் சொன்னார்கள். என்னைவிடக் குறைவாக வாங்குகிறவர்கள் இருந்தார்கள், அழுதவர்களும் இருந்தார்கள். என் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு வாங்குகிறவர்கள், இவ்வளவு நாள் வாய் திறக்கப் பயமாக இருந்தது என்றார்கள். கோயம்புத்தூரில் இருந்து ஒரு பெண், தங்கள் கம்பெனியில் எந்த ஊரில் உட்கார்ந்து பார்த்தாலும் ஒரே சம்பளம்தான், ஓர் இடம் காலியாக இருக்கிறது, விண்ணப்பம் போடுங்கள் என்று எழுதினார்.

இப்போது வாங்குவதை ஏற்றிச் சொல், எல்லாரும் அப்படித்தான் செய்வார்கள் என்று புத்தி சொன்னவர்கள் பலர். நேர்காணலில் கேட்டபோது நாற்பத்தெட்டு என்றேன். எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள் என்றார்கள். ஒரு லட்சத்து இருபத்தைந்து என்றேன். தொகையைக் குறைக்கவில்லை. மூன்று சுற்று நேர்காணல், ஒரு முழுநாள் வேலைப் பரீட்சை. அவர்கள் கொடுத்த மென்பொருளில் அவர்களுக்கே தெரியாத ஒரு தப்பைப் பிடித்துக் கொடுத்தேன். கேட்டதைக் கொடுத்தார்கள். ஒரத்தநாட்டை விட்டு நகர வேண்டாம் என்பதையும் எழுத்தில் வாங்கிக்கொண்டேன். வீட்டுக்காரரிடம் காட்டியபோது எனக்குத்தான் முதலில் அழுகை வந்தது.

ராஜினாமாவை அனுப்பி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை, மேலாளர் போனில் வந்தார். அங்கே எவ்வளவு தருகிறார்கள் என்று அவரே கேட்டார். சொன்னேன். "இருங்கம்மா" என்று வைத்துவிட்டு, நான் கீழே போய் ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வருவதற்குள் மறுபடி கூப்பிட்டார்.

"நாங்களே அதைக் கொடுக்கிறோம். பேசிட்டேன். ஊர்லயே இருங்க, எதுவும் மாறாது. இன்னிக்கே லெட்டர் வரும்."

வேண்டாம் என்று ஏற்கெனவே முடிவு செய்திருந்தேன். அதைச் சொல்லத்தான் வாயெடுத்தேன். ஆனால் ஒரே ஒரு டம்ளர் தண்ணீர் நேரத்தில் வந்த பணம் அது. கம்பெனி யாரிடமும் கையேந்தாமல், எங்கேயும் கடன் வாங்காமல் எடுத்து நீட்டிய பணம்.

"ராஜினாமா ராஜினாமாதான் சார்" என்றேன். "ஒண்ணு மட்டும் சொல்லுங்க. இந்தப் பணம் எத்தனை வருஷமா அங்க இருந்துச்சு?"